கோவிவனும் நம் வீட்டுக் காவலும்

சங்கராபுரத்துக்கு வடக்கே, தண்டராம்பட்டு வட்டத்து எடத்தனூரில், முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், தன் எருமைகளைக் காக்கும்பொருட்டுப் போராடி உயிர்நீத்த கருந்தேவகத்தி என்னும் வீரனுக்கு நாட்டிய நடுகல்லிலே, அவன் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று அதன் நாமத்தைக் குறித்து, கள்வர் இருவரைக் கடித்து அது காவல் நின்ற வரலாற்றையும் மறவாமல் பொறித்துவைத்த அந்தச் சிறு சாசனத்தைப் பேரரசர்களின் நீண்ட மெய்க்கீர்த்திகளுக்கும் மேலாகவே நான் மதிக்கிறேன். கர்நாடகத்து ஆதகூரில் பத்தாம் நூற்றாண்டில் காளி என்ற நாய்க்கும் கல் எடுத்தார்கள். ஆயினும் அது காட்டுப்பன்றியோடு பொருது மாண்ட வேட்டை நாய். கோவிவன் செய்ததோ கால்நடைக் காவல்.

ஆநிரையே செல்வமாக இருந்த அக்காலத்தில், அதைக் கவர்வதும் மீட்பதுமாகவே எடத்தனூர் அடங்கிய செங்கம் பகுதியின் வீரர் பலர் மடிந்தனர் என்பதற்கு அங்குள்ள நடுகற்களே சாட்சி. நிரை கவரும் போர்கள் ஒழிந்து நெடுங்காலமாகிவிட்டாலும், அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காக ஆட்டுப்பட்டி போடும் சம்பிரதாயம் தமிழ்நாட்டில் இன்னும் அற்றுப்போகவில்லை. பகலெல்லாம் மந்தையோடு அலைந்த நாய், இராக்காலத்தில் பட்டிக்கு வெளியே, காற்று வரும் பக்கம் முகம் வைத்துப் படுத்து, சருகு அசைந்தாலும் எழுந்து குரைக்கும். ஆட்டுக்காரர் கண்ணயர்வது அந்தக் குரலை நம்பித்தான்.

இந்தக் குணம் பிறவியில் பாதியும் வளர்ப்பில் பாதியுமாக அமைவது. துருக்கியின் கங்கால், பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடைப்பட்ட பிரனீஸ் மலையின் வெள்ளை நாய் முதலியவற்றை வளர்க்கும் இடையர்கள், ஏறக்குறைய இரண்டு மாதக் குட்டியையே ஆடுகளின் நடுவில் விட்டுவிடுவார்கள். அது ஆட்டின் வெதுவெதுப்பில் உறங்கி, அவற்றைத் தன் இனமாகவே பாவித்து, அந்நியன் எவனாயினும் பகைவன் என்று கொள்ளும். எசமானனின் கட்டளைக்குக் காத்திராமல் சுயமாகத் தீர்மானித்து இயங்குவதே அதன் சிறப்பு.

மந்தையில் குணமாயிருக்கும் அதுவே தெருவில் உபத்திரவமாகிறது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில், சொல்லாமல் வரும் உறவினரும், பால்காரரும், குழந்தைகளின் தோழர்களும் நடமாடும் வாசலில், ஐம்பது கிலோ எடையை எட்டக்கூடிய, இரவெல்லாம் குரைக்கும் ஸ்வபாவமுள்ள பிராணியை அடக்கிப் பிடிக்க வீட்டில் எத்தனை பேரால் இயலும்? குளிர்நாட்டு அடர்ரோமத்தோடு நம் சித்திரை வெயிலில் அது படும் வேதனையையும் சேர்த்தே எண்ண வேண்டும். கம்பீரத்தைக் கண்டு மயங்கி வாங்கிவந்து, பின்பு பயந்து ஆயுள் முழுதும் சங்கிலியில் கட்டிவைப்பது, என் அபிப்பிராயத்தில், அந்த ஜீவனுக்குச் செய்யும் துரோகம்.

ஆகவே, கல்வராயன் மலை அடிவாரத்தில் கொல்லையிலேயே குடியிருந்து, ஆடுமாடுகளும் அடைத்த வேலியும் உடையவர்கள், இவ்வூர் வெயிலுக்குப் பழகிய நாட்டு நாய்க் குட்டி ஒன்றைத் தேர்ந்து, வெறிநோய்த் தடுப்பூசி தவறாமல் போட்டு, முதலிலிருந்தே பட்டியில் ஆடுகளோடும் வீட்டுக் குழந்தைகளோடும் பழக்கி வளர்க்கட்டும். காக்க மந்தையோ, உலவ நிலமோ இல்லாத பட்டணத்துக் குடும்பத்தார் மேற்சொன்ன மந்தைக் காவற் பெருநாயை விரும்பாதிருப்பதே நன்று.