மாசு அறியும் மண்புழு: எதிர்ப்பாற்றல் சோதனையின் வரலாறு

மண்புழு எதிர்ப்பாற்றல் சோதனை என்பது, மண்ணில் கலந்த மாசு உயிர்களின் நோய்த் தடுப்புத் திறனை எந்த அளவு குறைக்கிறது என்பதை மண்புழுவின் உயிரணுக்களைக் கொண்டு அறியும் முறையாகும்.

தொடக்கம்

சார்லசு டார்வின் 1881இல் வெளியிட்ட நூல், மண் உருவாவதில் மண்புழுவின் பங்கை விளக்கியது. அடுத்த ஆண்டு எலீ மெச்னிக்காப் நட்சத்திர மீனின் இளவுயிரிக்குள் ரோசா முள்ளைச் செலுத்தினார். முள்ளைச் சுற்றி உயிரணுக்கள் திரண்டன. முதுகெலும்பற்ற உயிர்களும் தம்மைக் காத்துக்கொள்கின்றன என்பது இதனால் தெரிந்தது. 1960களில் அமெரிக்க அறிஞர் எட்வின் கூப்பர் ஓர் இன மண்புழுவின் திசுவை வேறு இனப் புழுவில் ஒட்டினார். புழுவின் உடல் அந்த அயல் திசுவை ஏற்கவில்லை.

சாவுக் கணக்கும் உயிரணுவும்

பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பு 1984இல் மண்புழு நச்சுச் சோதனைக்கு வழிகாட்டி வெளியிட்டது. இதில் புழுக்கள் 14 நாள் செயற்கை மண்ணில் வைக்கப்பட்டு, இறந்தவை எண்ணப்படும். ஆனால் எல்லா மாசும் உடனே கொல்வதில்லை. மின்மாற்றி எண்ணெயில் பயன்பட்ட 'பிசிபி' வேதிப்பொருள்கள், உயிரோடிருக்கும் புழுவின் தற்காப்பு அணுக்களையே முடக்குவதை 1980களின் இறுதியில் வடக்கு டெக்சாஸ் ஆய்வாளர்கள் காட்டினர்.

புழுவுக்கு மெல்லிய மின்தூண்டல் கொடுத்தால் முதுகுத் துளைகள் வழியே உடற்குழி நீர் வெளிவரும். அதிலுள்ள அணுக்கள் ஈசுட்டு போன்ற அயல் துகள்களை எந்த அளவு விழுங்குகின்றன என்று நுண்ணோக்கியில் கணக்கிடுவர். புழு இறப்பதில்லை, இழந்த அணுக்களும் மீண்டும் உருவாகும்.

இந்தியாவில்

கொல்கத்தா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'மெட்டாபைர் போஸ்துமா' என்னும் இந்திய மண்புழுவில் இத்தகைய ஆய்வுகளை நடத்தியுள்ளனர். தமிழக மாணவர்கள் 11ஆம் வகுப்பில் படிக்கும் 'லாம்பிட்டோ மாரிட்டி' நம் வயல்களில் வாழும் இனம்.

நெல்லும் கரும்பும் விளையும் திருத்தணிக்குத் தென்மேற்கே இராணிப்பேட்டை உள்ளது. அங்கு 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவை விட்டுச் சென்றது. மண்ணும் நிலத்தடி நீரும் மாசடைந்தன. இத்தகைய இடங்களில் வேதிப் பகுப்பாய்வு குரோமியத்தின் அளவைச் சொல்லும். அது உயிருக்கு என்ன செய்கிறது என்பதை மண்புழுவின் அணுக்கள் சொல்லும்.

வரம்பு

மண்புழுவுக்கு மனிதருக்கு உள்ளது போன்ற எதிர்ப்பொருள்கள் இல்லை. எனவே இம்முடிவுகளை அப்படியே மனிதருக்குப் பொருத்த இயலாது. ஆயினும் புழு உயிரோடிருப்பதை மட்டும் வைத்து மண் நலமாக உள்ளது எனக் கூறமுடியாது என்பதை இச்சோதனை நிறுவியது.