துவிச்சக்கரவண்டிப் பந்தயமும் ஊக்கமருந்தும்

இணுவிலூடாகச் செல்லும் காங்கேசன்துறை வீதியிலே துவிச்சக்கரவண்டி நெடுங்காலமாக ஒரு சுமைதாங்கியாகவே இருந்து வந்திருக்கின்றது. சுன்னாகச் சந்தைக்கு வாழைக்குலை சென்றதும் அதன்மேலேதான். கந்தசுவாமி கோவில் மஞ்சத் திருவிழாவுக்குத் தாயும் பிள்ளைகளும் வந்ததும் அதன்மேலேதான். 1990ஆம் ஆண்டில் குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது தடைப்பட்ட பின்னர் அதன் பாரம் இன்னும் பெருகிற்று. மின்கலங்களும் கிடையாதிருந்த அந்நாட்களில், வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாலே சுழற்றி, தைனமோவில் எழுந்த மின்சாரத்தைக் கொண்டு வானொலிச் செய்தி கேட்டவர்கள் பலர். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாளிரவு வலிகாமத்து மக்கள் வீடுவாசலை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, பாயையும் பானையையும் முதியோரையும் சுமந்தவை இவ்வண்டிகளே.

ஆகவே, ஒரு துவிச்சக்கரவண்டி எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை இவ்வூராருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதனை மிதிப்பவன் எவ்வளவு தாங்குவான் என்பது வேறொரு கேள்வி. ஐரோப்பாவிலே தொழின்முறைப் பந்தய வீரரின் வரலாறு முழுவதும் அக்கேள்வியைச் சுற்றியே அமைந்திருக்கின்றது. அங்கு ஊக்கமருந்து புகுந்த கதையைச் சில தீயவர்களின் கதையாகக் கூறுவது வழக்கம். அது பாதி உண்மையே. மற்றப் பாதி, பந்தயத்தை வகுத்தவர்கள் வீரர்மீது ஏற்றிய பாரத்திலே கிடக்கின்றது.

அப்பந்தயம் பிறந்தது ஒரு பத்திரிகைப் போட்டியிலாகும். பாரிசு நகரிலே ‘லோட்டோ’ என்னும் விளையாட்டுப் பத்திரிகை, ‘லெ வெலோ’ என்னும் தன் எதிரிப் பத்திரிகையை வெல்லமாட்டாது தள்ளாடிக்கொண்டிருந்தது. அதன் ஆசிரியர் ஹென்றி டெகிராஞ்ச், தம் உதவியாளரொருவர் கூறிய யோசனையை ஏற்று, நாட்டைச் சுற்றிவரும் பந்தயமொன்றை 1903 யூலை முதலாந் திகதி தொடக்கிவைத்தார். ‘ரூர் டி பிரான்ஸ்’ எனப்படும் பிரான்சுச் சுற்றோட்டம் இதுவே. ஒரே மூச்சில் முடிக்கவியலாத பாதையைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் எடுத்த நேரத்தைக் கூட்டி, குறைந்த நேரம் எடுத்தவரை வெற்றியாளராகக் கொள்வது இதன் முறை. முதலாண்டில் கட்டங்கள் ஆறு. தூரம் 2,428 கிலோமீற்றர். புறப்பட்டவர் 60 பேர். திரும்பி வந்தவர் 21 பேர். பாரிசிலிருந்து லியோன் வரை ஓடிய முதற்கட்டம் மாத்திரம் 467 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை இலங்கையை நேர்கோட்டில் அளந்தாலும் அத்தூரம் வாராது. இரவு பகலாக மிதித்து வென்றவர் மொறிஸ் கரின் என்பவர்; இளமையில் புகைபோக்கி துடைத்துப் பிழைத்தவர். பத்திரிகையின் விற்பனை 25,000 பிரதிகளிலிருந்து 65,000 ஆக உயர்ந்தது. ‘லெ வெலோ’ அடுத்த ஆண்டிலேயே மூடப்பட்டது.

அதே அடுத்த ஆண்டில் ஏமாற்றும் புகுந்தது. 1904ஆம் ஆண்டு முதல் நான்கு இடங்களைப் பெற்றவர்களும், கரின் உட்பட, விதிகளை மீறினர் என்று நீக்கப்பட்டனர். பட்டம் பத்தொன்பது வயதுடைய ஹென்றி கோர்னெ என்பவருக்குப் போயிற்று.

வாசகருக்கு ஆண்டுதோறும் புதுமை வேண்டுமல்லவா? தூரம் போதாதென்று 1910இல் பிரெனீஸ் மலைகள் பாதையிற் சேர்க்கப்பட்டன. குடாநாட்டிலே கீரிமலையென்று பெயருண்டு, மலையில்லை. இணுவிலிலிருந்து அவ்வூருக்கு வண்டி மிதிப்பவர் மூச்சு வாங்குவது எதிர்காற்றுக்கேயன்றி ஏற்றத்துக்கன்று. பிரெனீஸ் அத்தகையதன்று. அங்குள்ள தூர்மலே கணவாயின் உயரம் 2,115 மீற்றர். 1913இல் அதன் இறக்கத்திலே யூஜின் கிறிஸ்தோப் என்ற வீரரின் வண்டி முன்கவை முறிந்தது. பிறர் உதவி பெறலாகாதென்பது விதி. அவர் வண்டியைத் தோளிற் சுமந்து பத்துக் கிலோமீற்றரளவு நடந்து, கிராமமொன்றின் கொல்லுலையை அடைந்து, தம் கையாலேயே இரும்பைக் காய்ச்சி அடித்துப் பொருத்தினார். பந்தய அதிகாரிகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தனர். இரு கைகளும் வேலையிலிருந்தமையால் ஒரு சிறுவன் துருத்தி ஊதினான். அது பிறர் உதவியென்று கண்டு தண்டனை விதித்தார்கள்! முன்னணியில் நின்ற வீரர் அவ்வாண்டு வெற்றியை இழந்தார். இந்நிகழ்ச்சியைப் பிரெஞ்சுக்காரர் வீரக்கதையாகச் சொல்வர். பந்தயம் எவ்வாறு நடத்தப்பட்டது என்பதற்குச் சான்றாகவும் அதனைக் கொள்ளலாம்.

இத்தகைய வேலைக்கு உடம்பு மட்டும் போதாதென்பதை வீரர்கள் விரைவிலே கண்டுகொண்டனர். 1924ஆம் ஆண்டு, முந்திய ஆண்டு வெற்றியாளரான ஹென்றி பெலிசியே, தம்பி பிரான்சிசுடனும் வேறொருவருடனும் பந்தயத்தை விட்டு விலகினார். குளிருக்கு அணிந்த மேற்சட்டையை வெயிலேறியபின் கழற்றி எறியக்கூடாதென்ற விதியே சண்டைக்குக் காரணம். கூத்தான்ஸ் என்ற ஊரின் தேநீர்ச்சாலையொன்றில் அவர்களைக் கண்டார் அல்பேர் லொந்திர் என்னும் செய்தியாளர். சகோதரர்கள் பைகளைத் திறந்து காட்டினர்: கண்ணுக்குக் கொக்கெயின், ஈறுகளுக்குக் குளோரோபோம், பெட்டி பெட்டியாக மாத்திரைகள். கால்விரல் நகங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுவதையும் கூறினர். செய்தியாளரிடம் சற்று மிகைப்படுத்தியே பேசினோமென்று பிரான்சிஸ் பின்னர் ஒப்புக்கொண்டதுண்டு. ஆயினும் 1930இல், தேசிய அணிகளின் செலவைப் பந்தயக்காரரே ஏற்றபோது, டெகிராஞ்ச் வெளியிட்ட விதிநூல் மருந்துகளைத் தாங்கள் வழங்கமாட்டோமென வீரருக்கு நினைவூட்டிற்று. மருந்து எவ்வளவு சாதாரணமாகியிருந்தது என்பதற்கு அவ்வொரு விதியே போதும். மருந்து தவறென்று அதிற் சொல்லப்படவில்லை; செலவு யாருடையதென்பதே அங்கு பேச்சு.

இரண்டாம் உலகப்போரின் பின் அம்பெற்றமைன் மாத்திரைகள் பரவின. களைப்பை அவை போக்குவதில்லை; களைப்பு உண்டென்ற அறிவையே போக்குகின்றன. உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை காதில் விழாமற் போகின்றது. ஐந்துமுறை வெற்றிபெற்ற ஜாக் அங்கெதில், வெறுந் தண்ணீரைக் குடித்து இத்தொழிலைச் செய்யமுடியாதென்று வெளிப்படையாகவே வாதாடினார். அவர் வாதத்தைக் கேட்டுச் சினப்பது எளிது. ஆனால் தொழிலாளியொருவன் தன் வேலைநிலைமையைப் பற்றிக் கூறிய வாக்குமூலமாகவும் அதனைப் படிக்க இடமுண்டு. 1965இல் பிரான்சு ஊக்கமருந்துக்கு எதிராகச் சட்டம் இயற்றிற்று. 1966இல் போர்தோ நகரிலே வீரரிடம் முதன்முறையாகச் சிறுநீர்ச் சோதனை நடத்தப்பட்டது. மறுநாள் வீரர்கள் வண்டிகளைவிட்டு இறங்கி நடந்து எதிர்ப்புத் தெரிவித்தனர்.

அடுத்த ஆண்டில் ஓருயிர் போயிற்று. ரொம் சிம்சன் இங்கிலாந்தின் நிலக்கரித் தொழிலாளியொருவரின் மகன். 1965இல் உலக வெற்றிவீரர். 1967 யூலை 13ஆம் நாள் மொன் வாந்து என்னும் மலையிலே கடும் வெயில். மரமற்ற, வெண்கல் மூடிய அம்மலையின் உச்சிக்குச் சிறிது தூரம் இருக்கையில் அவர் வண்டி வீதியிலே தள்ளாடிற்று. விழுந்தார், மீண்டும் ஏற்றிவிட்டார்கள், மறுபடி விழுந்தார். பின்னர் எழவில்லை. வயது 29. உடலிலே அம்பெற்றமைனும் மதுவும் காணப்பட்டன. சட்டைப்பையிலே மாத்திரைக் குழாய்கள் இருந்தன. பந்தயத்தில் வீரருக்குக் கொடுக்கப்படும் தண்ணீரின் அளவு அக்காலத்தில் மட்டுப்படுத்தப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். நீரைக் குறைத்தவர் ஒருவர். மருந்தை விழுங்கியவர் ஒருவர். மரணவிசாரணை பின்னவரைப் பற்றியே அதிகம் பேசிற்று.

பின்வந்த காலத்தில் மருந்து மாறிற்று. சிறுநீரகம் சுரக்கும் எரித்திரோபொயற்றின் என்னும் பொருள் எலும்பு மச்சையைத் தூண்டிக் குருதியிலே செவ்வணுக்களைப் பெருக்குவது. சிறுநீரக நோயாளருக்காக 1980களின் இறுதியில் விற்பனைக்கு வந்த அம்மருந்தைப் பந்தய வீரர்கள் ஊசியாக ஏற்றிக்கொண்டனர். செவ்வணு பெருகினால் தசைக்குச் செல்லும் ஒட்சிசன் பெருகும். அளவு மீறினால் குருதி தடித்து இதயம் நிற்கும். அதனைக் கண்டுபிடிக்கும் சோதனை அப்போது இல்லை. ஆகவே 1997இல் அனைத்துலகச் சங்கம், குருதியிற் செவ்வணுக்களின் பங்கு 50 வீதத்தைத் தாண்டியவர் ஓடலாகாதென விதித்தது. அதுவரை ஏற்றிக்கொள்ளலாமென்றே பலர் பொருள்கொண்டனர்.

1998 யூலை 8ஆம் நாள் பெல்ஜிய எல்லையிலே சுங்க அதிகாரிகள் மறித்த வண்டியொன்றில் நூற்றுக்கணக்கான மருந்துக் குப்பிகள் அகப்பட்டன. வண்டியோட்டியவர் பெஸ்ரினா அணி வீரருக்கு உடம்பு பிடித்துவிடும் பணியாளரான வில்லி வூத். அவ்வணி நீக்கப்பட்டது, புறப்பட்ட 189 பேரில் 96 பேரே பாரிசை அடைந்தனர். மருந்தெடாதவரென அவ்வணியிலே தோழர்களால் அறியப்பட்டவர் கிறிஸ்தோப் பசோன்ஸ். 1999இல் அவர் வேறோர் அணியிற் சேர்ந்து ஓடி, பந்தயம் இன்னும் தூய்மையாகவில்லையென்று பத்திரிகையில் எழுதினார். உடன் ஓடியவர்கள் அவரோடு பேசுவதை நிறுத்தினர். மஞ்சட் சட்டை அணிந்திருந்த லான்ஸ் ஆம்ஸ்ரோங், ஓட்டத்தின் நடுவே அருகில் வந்து, வீட்டுக்குப் போய்விடுமாறு கூறினார். பசோன்ஸ் சில நாட்களில் விலகினார்.

புற்றுநோயிலிருந்து மீண்டுவந்த ஆம்ஸ்ரோங் அவ்வாண்டு தொடங்கி 2005 வரை ஏழு முறை வென்றார். அவருடைய அணியிலே பணிபுரிந்த எம்மா ஒறெயிலி என்ற பெண்மணி தாம் கண்டவற்றை வெளியிட்டபோது, அவருக்குக் கிடைத்தது அவதூறு வழக்கு. 2012இல் அமெரிக்க ஊக்கமருந்து எதிர்ப்பு நிறுவனம் முன்னாள் தோழர் பதினொருவர் உட்பட 26 பேரின் சாட்சியத்தை வெளியிட்டது. ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன. அவை வேறெவருக்கும் வழங்கப்படவுமில்லை. அடுத்த இடங்களிலிருந்தவர் பலரும் அதே கறை படிந்தவர்களாயிருந்தனர். 2013 ஜனவரியில் ஆம்ஸ்ரோங் தொலைக்காட்சியிலே உண்மையை ஒப்புக்கொண்டார்.

2008இல் தொடங்கிய உயிரியற் கடவுச்சீட்டு முறை, மருந்தைத் தேடுவதை விட்டு, ஒருவரின் குருதி அளவுகளை ஆண்டுக்கணக்கில் பதிந்து அவற்றின் மாற்றத்தை நோக்குகின்றது. தமக்குத்தாமே அளவுகோலாக நிற்பதால் ஏமாற்றுவது முன்னிலும் கடினம். கட்டங்களின் தூரமும் முற்கால அளவில் இல்லை. 1926இல் 17 கட்டங்களில் 5,745 கிலோமீற்றர் ஓடவேண்டியிருந்த பந்தயம், இந்நூற்றாண்டில் 21 கட்டங்களில் ஏறத்தாழ 3,400 கிலோமீற்றராகச் சுருங்கியது. இலங்கைப் பாராளுமன்றமும் 2013இல் ஊக்கமருந்துக்கு எதிரான சட்டமொன்றை நிறைவேற்றியது.

பசோன்ஸ் 2001இல் பந்தயத் தொழிலை விட்டார். பின்னர் பிரெஞ்சு விளையாட்டுத்துறை அமைச்சின்கீழ் ஊக்கமருந்துச் சோதனைப் பணியில் அமர்ந்தார். அவருக்குக் கிடைத்த பகுதி, வீரர்கள் முன்பொருகால் வண்டியைவிட்டு இறங்கி நடந்த அதே போர்தோ.