ஃபெனிடாயினும் அரை ஆயுள் என்னும் பொய் மாறிலியும்

1968–69இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், வலிப்புக்காக ஃபெனிடாயின் உட்கொண்டு வந்த பலருக்கு நஞ்சேற்ற அறிகுறிகள் தோன்றின. யாரும் மருந்தின் அளவைக் கூட்டவில்லை. கேப்சூலில் நிரப்புபொருளாக இருந்த கால்சியம் சல்பேட் போய் லாக்டோஸ் வந்திருந்தது. அதனால் குடலிலிருந்து மருந்து கூடுதலாக உறிஞ்சப்பட்டது. உறிஞ்சலுக்கான பாடமாகவே இந்நிகழ்வு பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது. அது பாதி விளக்கம்தான். உறிஞ்சலில் நேர்ந்த ஏற்றத்தைப் பலமடங்காக்கியது கல்லீரல்.

1937இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் டியோரெல், உடலைச் சில அறைகளாகப் பிரித்து மருந்தின் போக்கைச் சமன்பாடுகளில் எழுதினார். அவ்வழி வந்த எளிய மாதிரியில் மருந்து வெளியேறும் வேகம் செறிவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். செறிவு பாதியாகக் குறையும் காலமான அரை ஆயுள் மாறாது. ஃபெனிடாயினுக்கு இது பொருந்தாது. கல்லீரலில் அதைச் சிதைக்கும் நொதி, சிகிச்சைக்குரிய செறிவிலேயே நிறைவை நெருங்கிவிடுகிறது. ஆகவே இங்கே வேண்டியது, நொதி வேகத்துக்காக மைக்கேலிஸும் மென்டனும் 1913இல் தந்த சமன்பாடு:

செ = க × அ ÷ (உ − அ)

செ நிலைத்த செறிவு. அ உடலில் சேரும் தினசரி அளவு. உ நொதியின் உச்ச வேகம். க அதில் பாதி வேகத்துக்குரிய செறிவு. ஒருவருக்கு உ நாளொன்றுக்கு 500 மி.கி., க லிட்டருக்கு 4 மி.கி. என்று கொள்வோம். தினம் 300 மி.கி. சேர்ந்தால் செறிவு 6. 400 சேர்ந்தால் 16. 450 சேர்ந்தால் 36. விரும்பத்தக்க எல்லையோ 10 முதல் 20 வரை. கடைசிப் படியில் கூடியது எட்டில் ஒரு பங்கு, செறிவோ இரண்டு மடங்குக்கு மேல். 500ஐத் தொட்டால் நிலைத்த செறிவென்று ஒன்றே கிடையாது.

காலமும் இப்படியே நீள்கிறது. இதைத்தான் நாம் போதுமான அளவு வலியுறுத்துவதில்லை. பரவல் கொள்ளளவு 40 லிட்டர் என்றால், மருந்தைப் புதிதாகத் தொடங்கி நிலைத்த செறிவின் 90 சதவீதத்தை எட்ட 300 மி.கி.க்கு மூன்றரை நாள், 400க்குச் சுமார் 13 நாள், 450க்கு ஏறக்குறைய 48 நாள். 'ஐந்து அரை ஆயுளில் நிலைபெறும்' என்ற விதியை நம்பி இரண்டாம் வாரத்தில் இரத்தம் எடுப்பவர், இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் அளவை இறுதியானதாக வாசித்துவிடுவார். நோயாளிக்கு இது பெருந்தீங்கு.

இரு வேறு அளவுகளில் நிலைத்த செறிவு தெரிந்தால் தனிநபரின் உ, க இரண்டையும் கணக்கிடலாம். சமன்பாட்டை அ = உ − க × (அ ÷ செ) என்று திருப்பி எழுதினால் அது நேர்கோடு. மேற்கண்ட நபரில் அ ÷ செ முதலில் 50, பிறகு 25. அளவு 100 கூடியபோது இது 25 குறைந்தது. எனவே க = 4, உ = 500. ஒற்றை அளவீட்டால் இது கிட்டாது. க-வுக்குப் பிறரின் சராசரியைக் கடன் வாங்க நேரும். கல்லீரலின் வேகம் ஆளுக்கு ஆள் மாறும் மருந்தில், உச்ச வேகத்தை நெருங்கியவருக்கு அந்தச் சராசரி தவறினால் அடுத்த 50 மி.கி.யிலேயே நஞ்சேற்றத்தின் தள்ளாட்டம் தொடங்கிவிடும்.