கோபாலன் இல்லாத இரண்டு அணிகள்

எம்.ஜே. கோபாலனைப் பற்றி யார் எழுதினாலும் ‘ஒலிம்பிக் தங்கத்தைக் கோட்டைவிட்டவர்’ என்ற இடத்துக்கு வந்துவிடுகிறார்கள். 1936இல் பெர்லினுக்குப் போகவிருந்த ஹாக்கி அணியை விட்டுவிட்டு, இங்கிலாந்து போகும் கிரிக்கெட் அணியோடு கப்பலேறினார். அங்கே ஒரு டெஸ்டிலும் அவரை இறக்கவில்லை. ஹாக்கிக்காரர்களோ தங்கத்தோடு ஊர் திரும்பினார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும் கதைகளைத்தான் முதலில் தேதியோடு ஒட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் பழக்கம்.

ஸ்கோர் அட்டைகளிலிருந்து ஆரம்பித்தேன். செங்கல்பட்டுப் பக்கம் மொரப்பாக்கத்தில் 1909இல் பிறந்து, திருவல்லிக்கேணி கிளப்புக்கு ஆடி வளர்ந்த வலக்கை மிதவேகப் பந்துவீச்சாளர் அவர். சி.பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேய ஆட்டக்காரர் அவருடைய திறமையைக் கண்டு பர்மா ஷெல் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தார். 1934 ஜனவரியில் கல்கத்தா ஈடன் கார்டனில் டக்ளஸ் ஜார்டினின் இங்கிலாந்து அணிக்கு எதிராக டெஸ்ட் ஆடினார். பந்துவீச்சுப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே 19 ஓவர், 39 ரன், 1 விக்கெட். இங்கிலாந்து அந்த இன்னிங்ஸில் குவித்தது 403. ஓவருக்கு இரண்டு ரன்னுக்குச் சற்றே மேல் கொடுத்தவரை மோசமாக வீசினார் என்று யாரும் சொல்ல முடியாது. மட்டையிலும் ஒருமுறை ஆட்டமிழக்காமல் 11 எடுத்திருக்கிறார்.

அடுத்த அட்டையைப் புரட்டியதும் கை நின்றது. அதே தொடரின் மூன்றாவது டெஸ்ட், 1934 பிப்ரவரி, சேப்பாக்கம். சென்னையில் நடந்த முதல் டெஸ்ட் அது. ஜார்டின் அணியை அமர் சிங் 86 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்து உலுக்கியது அங்கேதான். இந்தியாவின் பதினொரு பேரில் கோபாலன் இல்லை. சொந்த ஊரில், சொந்த மைதானத்தில், நன்றாக வீசிய அடுத்த மாதமே வெளியே! பெர்லின் கதையை உருகி உருகி எழுதுபவர்கள் இதை ஏன் தாண்டிப் போகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

அதே ஆண்டு நவம்பர் 4இல் அதே சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் ஆட்டம். ரஞ்சிக் கோப்பையின் முதல் போட்டி. மைசூர் 48, 59, சென்னை 130. ஒரே நாளில் முடிந்துவிட்டது. ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுத்ததை அட்டை சொல்லும். முதல் பந்தை வீசியது யார் என்று சொல்லாது. அதை அன்று பார்த்தவர்கள் எழுதி வைத்ததால்தான் நமக்குத் தெரிகிறது: வீசியவர் கோபாலன், எதிர்கொண்டவர் மைசூரின் கர்டிஸ்.

சரி, 1936. கதை இரண்டு விதமாக உலவுகிறது. ஹாக்கி அணிக்கே தேர்வாகியிருந்தார் என்பது ஒன்று. தேர்வுக்கு அழைப்பு வந்தது, போகவில்லை என்பது இன்னொன்று. 1935இல் தயான் சந்தோடு நியூசிலாந்து போய் ஆடிவிட்டு வந்தவர் என்பதால் இரண்டுமே நம்பக்கூடியவைதான். நான் இரண்டு சுற்றுப்பயணங்களின் நாட்களையும் ஒரே தாளில் அருகருகே எழுதிப் பார்த்தேன். கிரிக்கெட் அணிக்கு மே மாதத்திலேயே இங்கிலாந்தில் ஆட்டங்கள் தொடங்கிவிட்டன. ஹாக்கி அணி பம்பாயில் கப்பலேறியது ஜூன் 27. லார்ட்ஸில் முதல் டெஸ்ட் தொடங்கியதும் அதே ஜூன் 27! ஆக, ஹாக்கியில் இடம் உறுதியாகட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்க வழியே இல்லை.

தாளின் அடிப்பகுதிக்கு வந்தபோது இன்னொரு நாள் கண்ணில் பட்டது. பெர்லின் இறுதி ஆட்டம் ஆகஸ்ட் 14இல் நடந்திருக்க வேண்டும். மழையால் 15க்குத் தள்ளிப்போனது. ஜெர்மனியை இந்தியா 8–1 என்று நொறுக்கிய அந்த ஆகஸ்ட் 15இல்தான் ஓவலில் மூன்றாவது டெஸ்டும் தொடங்கியது. ஒரே நாளில் இரண்டு நகரங்களில் இரண்டு இந்திய அணிகள். ஆடத் தெரிந்த கோபாலன் இரண்டிலும் இல்லை.

ஓவலில் புதிதாக ஒரு மிதவேகக்காரர் இறங்கத்தான் செய்தார். பாக்கா ஜிலானி. நிசாரும் அமர் சிங்கும் ஜஹாங்கீர் கானும் மூன்று டெஸ்டிலும் ஆடினார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஜிலானிக்கு அந்த ஒரே டெஸ்ட் கிடைத்தது, காலை உணவு மேசையில் சி.கே. நாயுடுவை அவமதித்ததற்குக் கேப்டன் விஜயநகரம் இளவரசர் கொடுத்த பரிசு என்று ஒரு கதை விடாமல் சொல்லப்பட்டு வருகிறது. உண்மையோ பொய்யோ, லாலா அமர்நாத்தை முதல் டெஸ்டுக்கு முன்பே மூட்டை கட்டி ஊருக்கு அனுப்பிய அணி அது. கூடப் போன ஷூட் பானர்ஜி என்ற இன்னொரு மிதவேகக்காரரும் டெஸ்ட் ஆடாமலே திரும்பினார். அவருக்கு வாய்ப்பு வர 1949 ஆயிற்று. அப்போது ஐந்து விக்கெட் எடுத்தார்.

எனவே கோபாலன் தவறாகத் தேர்ந்தெடுத்தார் என்ற தீர்ப்பை நான் ஏற்கவில்லை. டெஸ்ட் ஆடிய பந்துவீச்சாளன் இங்கிலாந்துப் பயணத்தைத் தேர்ந்தெடுத்ததில் என்ன பிழை? பிழை, கூட்டிப்போய் உட்கார வைத்தவர்களுடையது.

பயணம் முடிந்த பிறகும் அவர் வீசினார், 1950களின் தொடக்கம் வரை. சென்னைக்கும் இலங்கைக்கும் ஆண்டுதோறும் நடந்த போட்டிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 78 முதல்தர ஆட்டங்களில் 194 விக்கெட். 2003 டிசம்பரில் சென்னையில் காலமானபோது உயிரோடிருந்த டெஸ்ட் ஆட்டக்காரர்களிலேயே மூத்தவர் அவர்தான். அடுத்து அவரைப் பற்றி எழுத உட்காருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆடாத ஒலிம்பிக்கை விட்டுவிட்டு, அந்த 194 விக்கெட்டிலிருந்து தொடங்குங்கள்.