கரையான் தீவனம்

கரையான் தீவனம் என்பது கோழிக்குஞ்சுகளுக்கும் கூண்டுப் பறவைகளுக்கும் உயிருடன் கொடுப்பதற்காகக் கரையானைப் பானையில் வரவழைத்துச் சேகரிக்கும் நாட்டுப்புற முறையாகும். அவிநாசி உள்ளிட்ட கொங்குப் பகுதியிலும் தமிழ்நாட்டின் பிற மானாவாரிப் பகுதிகளிலும் இது அறியப்பட்டது. கரையானுக்குச் செல், சிதல் என்னும் பெயர்களும் உண்டு.

பின்னணி

சிறகு முளைத்த கரையானே ஈசல். மனிதர் ஈசலை உண்டதற்குச் சங்க இலக்கியத்தில் சான்று உள்ளது. பாரியின் நாட்டைக் கபிலர் பாடிய புறநானூறு 119ஆம் பாடல், புற்றீசலும் மோரும் சேர்ந்த புளித்த உணவைக் குறிப்பிடுகிறது.

செய்முறை

பழைய மண்பானையில் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, வைக்கோல், மட்டைத் துண்டுகள் ஆகியவற்றைத் திணித்துத் தண்ணீர் தெளிப்பர். மாலையில் கரையான் நடமாடும் இடத்தில் பானையைக் கவிழ்த்து வைப்பர். ஈரமும் இருட்டும் நார்ப்பொருளும் ஒருங்கே கிடைப்பதால் கரையான் உள்ளே ஏறும். மறுநாள் காலை, வெயில் ஏறுமுன் பானையைத் திருப்பிக் குஞ்சுகளின் முன் உதறுவர். தானியத்தில் குறையும் புரதத்தை இது ஈடுசெய்கிறது. பூச்சிமருந்து தெளித்த நிலத்துக் கரையான் தீவனத்துக்கு ஆகாது.

கௌதாரி வளர்ப்பு

கௌதாரி கரையானை விரும்பித் தின்னும். அதனால் கூண்டில் கௌதாரி வளர்த்தோர் புற்றைத் தேடிச் சென்றனர். பழகிய கௌதாரியின் கூவலைக் கொண்டு காட்டுக் கௌதாரிகளைப் பிடிக்கும் வழக்கமும் இருந்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், வேட்டையை மேலும் கட்டுப்படுத்திய 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் இதைத் தடைசெய்தன. கௌதாரியைப் பிடிப்பதும் விற்பதும் இன்று குற்றமாகும். கோழிக்குஞ்சுக்குக் கரையான் கொடுக்க எத்தடையும் இல்லை.

இன்றைய நிலை

பல்லடம், உடுமலை வட்டாரக் கறிக்கோழிப் பண்ணைகள் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் கலந்த ஆலைத் தீவனத்தை நம்பியுள்ளன. கரையான் அங்கே தேவைப்படுவதில்லை. நகரங்களில் அயல்நாட்டுப் பல்லி, ஓணான் வகைகளை வளர்ப்போர் தவிட்டில் மாவுப்புழுக்களையும் பெட்டிகளில் சுவர்க்கோழிப் பூச்சிகளையும் வளர்க்கின்றனர். பன்னாட்டு வணிக ஒப்பந்தப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் பதிவு செய்வதற்கான விதிகளை மத்திய அரசு 2024இல் வெளியிட்டது.

மாவுப்புழுவுக்குத் தனி இடமும் கவனிப்பும் வேண்டும். கரையான் பானைக்குத் தேவையானவை வீட்டுக் கழிவும் மருந்து படாத மண்ணும் மட்டுமே. மாடும் வைக்கோலும் குறைந்துவரும் ஊர்களில் அவ்விரண்டும் கிடைப்பது அரிதாகிறது. பத்துக் கோழி வைத்திருக்கும் குடும்பம் காசில்லாமல் பெற்ற புரதத் தீவனமும் அதனோடு குறைகிறது.