ஹெரால்டு காரின் பானெட்

செஞ்சி என்றால் எல்லோரும் கோட்டையைப் பற்றித்தான் எழுதுவார்கள். நான் ஒரு கார் பானெட்டைப் பற்றி எழுதுகிறேன்.

1959-ல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ப் ஹெரால்டு, 1961 முதல் சென்னையில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் தயாரானது. 1962-ல் வெளிவந்த ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரும் இதே குடும்பம்தான். இரண்டிலும் மட்கார்டோடு சேர்ந்த பானெட் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். என்ஜினும் முன்சக்கரங்களும் முழுசாகக் கைக்கு எட்டும்.

ஆனால் கீல் முன்னால் மட்டுமே. அதனால்தான் நம்ம ஊர்ப் பட்டறையில் மெக்கானிக் அண்ணன் எனக்குச் சொன்னார்: "தம்பி, மொதல்ல ரெண்டு பக்கக் கொக்கியையும் கழட்டு. ஒரு மூலையைப் புடிச்சி இழுத்தா முறுக்கிக்கும், சமமா தூக்கு. தாங்குகம்பி நின்னுச்சான்னு பாத்துட்டுத் தலையை உள்ள விடு. மூடும்போது அடிச்சி மூடாதே. மெல்ல எறக்கி ரெண்டு கொக்கியையும் மாட்டு."

அந்தத் தொழிற்சாலை இன்று இல்லை. பானெட் வளைந்தால் மாற்று கிடைப்பது அரிது. மிஞ்சிய வண்டிகளைக் காப்பது இந்தக் கைப்பழக்கம்தான்.

மாணவத் தம்பி தங்கைகளே, கோட்டை வரலாற்றை எழுதப் பலர் உண்டு. மூத்த மெக்கானிக்குகள் இருக்கும்போதே பட்டறை வரலாற்றைக் கேட்டு எழுதி வையுங்கள்.