துபாயில் ஓடிய நம்ம ரூபாய்



வளைகுடாவில் வேலை பார்ப்பவர் யாராவது ஊருக்கு வந்தால் நாம் கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு சம்பளம்?" அடுத்த கேள்வி "நம்ம காசுக்கு எவ்வளவு வரும்?" அவரும் அங்கே டீக்கடையில் ஒரு திர்ஹாம் கொடுக்கும்போதெல்லாம் மனசுக்குள் ரூபாயில் பெருக்கிப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். போன புதிதில் இந்தப் பெருக்கல் கணக்குக்குப் பயந்தே அரை வயிறு சாப்பிட்டவர்கள் உண்டு என்பார்கள்.

இந்தப் பெருக்கலே தேவைப்படாத ஒரு காலம் இருந்தது தெரியுமா? துபாயில் சம்பளம் ரூபாயில். வாடகை ரூபாயில். அரிசி, பருப்பு, துணிமணி எல்லாம் ரூபாயில். அதுவும் வேறு ஏதோ ரூபாய் இல்லை, சாட்சாத் நம் இந்திய ரூபாய்! அந்த ரூபாய் அங்கே எப்படிப் போனது, ஏன் திரும்பி வந்தது, அதனால் பிழைக்கப் போனவர்களின் பாக்கெட்டில் என்ன மாறியது என்று பார்ப்போம்.

ஒரே காசு, இரண்டு கரை

பாரசீக வளைகுடாவின் அரபுக் கரையில் குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய், அபுதாபி எல்லாமே பிரிட்டிஷாரின் பாதுகாப்பில் இருந்த சிறு ஷேக் ராஜ்ஜியங்கள். அந்த உறவை லண்டனைவிட பம்பாயும் டெல்லியும்தான் அதிகம் கவனித்துக்கொண்டன. முத்து பம்பாய்க்குப் போகும், அரிசியும் துணியும் பம்பாயிலிருந்து வரும். வியாபாரம் எந்த ஊரோடு நடக்கிறதோ அந்த ஊர்க் காசுதானே கையில் புழங்கும்? அப்படித்தான் ரூபாயும் அணாவும் அங்கே வேரூன்றின.

காசு மட்டுமா? துபாயில் முதல் தபால் நிலையம் திறந்தது 1909-ல். அது இந்திய தபால் துறையின் நிலையம். 1947 வரை இந்திய ஸ்டாம்புதான் ஒட்டினார்கள். 1948-ல் பிரிட்டிஷ் தபால் துறை பொறுப்பேற்றபோது பிரிட்டிஷ் ராஜா படம் போட்ட ஸ்டாம்பின் மேல் "அணா", "ரூபாய்" என்று அச்சடித்து விற்றார்கள். இந்தியா 1957-ல் அணாவை விட்டுவிட்டு நயா பைசாவுக்கு மாறியதும், அங்கே ஸ்டாம்பின் மேல் இருந்த எழுத்தும் நயா பைசாவாக மாறியது! நாம் இங்கே காசை மாற்றினால் அரேபியாவில் கடிதம் போடும் செலவுக்கும் புதுக் கணக்கு வந்தது என்று அர்த்தம்.

அன்றைய வாழ்க்கை

பஹ்ரைனில் 1932-ல் எண்ணெய் கிடைத்தது. குவைத் 1946-லும், கத்தார் 1949-லும் எண்ணெய் ஏற்றுமதியைத் தொடங்கின. அந்த எண்ணெய்க் கம்பெனிகளில் குமாஸ்தா, டைப்பிஸ்ட், மெக்கானிக் வேலைகளுக்கு இந்தியாவிலிருந்து ஆள் எடுத்தார்கள். துபாயில் அப்போது எண்ணெய் இல்லை, 1966-ல்தான் கண்டுபிடித்தார்கள். ஆனால் சிந்தி, குஜராத்தி வியாபாரிகள் அங்கே வெகு காலமாகக் கடை வைத்திருந்தார்கள்.

பயணம் கப்பலில். நம் பக்கத்து ஆள் என்றால் ரயிலில் பம்பாய் போய், அங்கிருந்து பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பலில் மேல்தட்டு டிக்கெட் எடுக்க வேண்டும். அறை கிடையாது. பாய் விரித்த இடம்தான் படுக்கை. அந்தப் பயணம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஒரே ஒரு உதாரணம் போதும். 1961 ஏப்ரல் 8 அன்று "தாரா" என்ற கப்பல் துபாய்க்கு அருகே வெடித்துத் தீப்பிடித்து 238 பேர் இறந்தார்கள். அதில் பலர் பிழைப்புக்காகப் போன, வந்த சாதாரண ஜனங்கள்.

துபாயில் முதல் வங்கி வந்தது 1946-ல். மின்சாரக் கம்பெனி அதற்கும் பிறகுதான். அதற்கு முன்பு ஈச்ச ஓலைக் குடிசைகளும், காற்றைப் பிடித்து உள்ளே இறக்கும் கோபுரம் வைத்த வீடுகளும்தான். குடிநீரைக் கழுதை மேல் ஏற்றி வந்து விற்பார்கள். இன்று நாம் டிவியில் பார்க்கும் துபாயை மறந்துவிட்டு இதைக் கற்பனை செய்து பாருங்கள்!

இவ்வளவு கஷ்டத்திலும் ஒரு சௌகரியம் இருந்தது. மாதக் கடைசியில் மிச்சம் பிடித்த நூறு ரூபாய், ஊரிலும் நூறு ரூபாய்தான். நாணய மாற்றும் கடை வேண்டாம், "இன்றைக்கு ரேட் என்ன?" என்ற விசாரிப்பும் வேண்டாம்.

தங்கம் செய்த வேலை

இந்தச் சௌகரியத்தில் முதல் ஓட்டையைப் போட்டது தங்கம். சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியா தங்க இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. அதனால் பம்பாயில் தங்கத்தின் விலை உலகச் சந்தை விலையைவிட மிக அதிகம். துபாயில் தங்கம் வாங்க எந்தத் தடையும் இல்லை. அப்புறம் என்ன? படகில் ஏறியது தங்கம்!

கடத்தி வந்த தங்கத்துக்குப் பம்பாயில் ரூபாய் நோட்டாகக் காசு கொடுத்தார்கள். அந்த நோட்டுக் கட்டுகள் திரும்ப வளைகுடா போயின. அங்கேயும் ரூபாய்தானே செலாவணி, யார் கேட்பார்கள்? அங்குள்ள வங்கிகள் அந்த நோட்டுகளை நம் ரிசர்வ் வங்கியிடம் கொடுத்து ஸ்டெர்லிங் பவுண்டாக வாங்கிக்கொண்டன. கூட்டிக் கழித்துப் பார்த்தால், கடத்தல் தங்கத்துக்கு இந்திய அரசே அந்நியச் செலாவணி கொடுத்த கதை!

இதைத் தடுக்க 1959 மே மாதம் ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி, வளைகுடாவுக்கென்று தனி நோட்டு அடித்தார்கள். டிசைன் ஏறக்குறைய நம் நோட்டுதான். ஆனால் நிறம் வேறு, வரிசை எண்ணுக்கு முன்னால் "இசட்" என்ற எழுத்து. மதிப்பு சமம், ஆனால் இந்தியாவில் கடையில் செல்லாது. ஹஜ் யாத்திரை போகிறவர்களுக்கும் இதேபோல் "ஹஜ்" என்று அச்சிட்ட தனி நோட்டு வந்தது.

ஆக, பிழைக்கப் போனவனின் பாக்கெட்டில் இருந்த ரூபாயும் அவன் வீட்டு அரிசிப் பானைக்கடியில் இருந்த ரூபாயும் முதல்முறையாக வேறு வேறு நிறம் ஆயின.

1966 ஜூன் 6

எண்ணெய்ப் பணம் வந்த நாடுகள் ஒவ்வொன்றாக விலகத் தொடங்கின. குவைத் 1961-ல் தினார் கொண்டுவந்தது. ஒரு தினாருக்குப் பதிமூன்றே கால் ரூபாய்க்குச் சற்று அதிகம். பஹ்ரைன் 1965-ல் ஒரு தினாருக்குப் பத்து ரூபாய் என்று வைத்தது.

பிறகு வந்தது பெரிய அடி. 1962, 1965 போர்கள், மழை பொய்த்த ஆண்டுகள், அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. 1966 ஜூன் 6-ம் தேதி இந்திரா காந்தி அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. ஒரு டாலருக்கு 4.76 ரூபாய் என்று இருந்தது 7.50 ஆனது.

வளைகுடா ஷேக்குகள் யோசித்தார்கள். டெல்லியில் எடுக்கும் முடிவுக்கு நம் ஊர்க்காரனின் சேமிப்பு ஏன் குறைய வேண்டும்? அபுதாபி பஹ்ரைன் தினாருக்குத் தாவியது. கத்தாரும் துபாயும் சில மாதம் சவூதி ரியாலை வைத்துச் சமாளித்துவிட்டு, செப்டம்பரில் தங்களுக்கென்று பொதுவான ரியாலை வெளியிட்டன. கடைசியாக ஓமன் 1970-ல் விலகியது.

இதில்தான் சுவாரசியமான விஷயம் இருக்கிறது. கத்தார்-துபாய் ரியாலுக்கு என்ன மதிப்பு வைத்தார்கள் தெரியுமா? மதிப்பு குறைவதற்கு முந்தைய பழைய இந்திய ரூபாய்க்குச் சமம்! 1971-ல் ஐக்கிய அரபு அமீரகம் உருவானது. 1973-ல் திர்ஹாம் வந்தபோது ஒரு ரியாலுக்கு ஒரு திர்ஹாம் என்று மாற்றினார்கள். அதாவது இன்றைய திர்ஹாம் யார்? 1966-ல் கீழே விழாமல் தப்பித்த நம் ரூபாய்தான்! அன்று ஒன்றுக்கு ஒன்று. இன்று ஒரு திர்ஹாம் 20 ரூபாய்க்கும் மேல்.

லாபமா, நஷ்டமா?

ஒரு கணக்குப் போடுவோம். துபாயில் ஒருவர் மாதம் 100 ரூபாய் மிச்சம் பிடித்து அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1966 மே மாதம் வீட்டுக்கு வந்தது 100 ரூபாய். அதே சேமிப்பு ரியாலாக மாறியபின் வீட்டுக்கு வந்தது 157 ரூபாய்க்கும் மேல். அவர் கூடுதலாக ஒரு மணி நேரம்கூட உழைக்கவில்லை. முதலாளி சம்பளம் ஏற்றவில்லை. ஆனால் வீட்டில் 57 ரூபாய் அதிகம்.

சந்தோஷமான செய்திதானே என்று தோன்றும். ஆனால் அதே வருஷங்களில்தான் இங்கே பஞ்சம், விலைவாசி ஏற்றம், ரேஷன் கடை வரிசை. வந்த கூடுதல் பணத்தில் ஒரு பங்கை அரிசிக் கடையே வாங்கிக்கொண்டது. வெளிநாட்டில் ஆள் இல்லாத பக்கத்து வீட்டுக்கோ, ஏற்றம் மட்டும்தான் மிச்சம். ஒரே தெருவில் "துபாய் வீடு", "சாதா வீடு" என்ற பிரிவினை 1973-க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறி ஆட்கள் கூட்டம் கூட்டமாகப் போனபோது பெரிதானது. ஆனால் அதன் விதை இந்த நாணயக் கணக்கில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இன்றும் ரூபாய் விழுந்தது என்று செய்தி வந்தால் வளைகுடாவில் பணம் அனுப்பும் கவுண்டர்களில் வரிசை நீளும். நாட்டுக்குக் கெட்ட செய்தி, வீட்டுக்கு நல்ல செய்தி! இதற்காக அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஊரில் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸையும் அங்கே ரூம் வாடகையையும் ஒரே சம்பளத்தில் கட்டுகிறவருக்கு அந்த ரேட்தான் சம்பள உயர்வு.

வெளிநாட்டு வாழ்க்கைச் செலவு என்றால் வாடகை, சாப்பாடு, பஸ் கட்டணம் என்று பட்டியல் போடுகிறோம். அந்தப் பட்டியலில் வராத ஒரு வரி இருக்கிறது: நம் உழைப்பின் விலையை நாம் வாழாத ஊரில் யாரோ தீர்மானிப்பது. 1966-ல் அது ஒரே ராத்திரியில் நடந்ததால் கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது தினமும் பைசா பைசாவாக நடக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் பஹ்ரைனோ துபாயோ போன பெரியவர்கள் இருந்தால், பழைய பெட்டியை ஒரு தடவை திறந்து பாருங்கள். "இசட்" எழுத்துப் போட்ட ஒரு ரூபாய் நோட்டு கிடைத்தாலும் கிடைக்கலாம். கடையில் செல்லாது. ஆனால் அந்தப் பெரியவரிடம் அதைக் காட்டிக் கேட்டால், நிறையக் கதை சொல்வார்!